தேன்பெட்டி வெறுமையாவதற்கு முந்திய 20 நாட்கள்

சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும் மாதங்களில் வன்னியில் ஒரு கவலை அடிக்கடி காதில் விழும்: "நேற்று வரை தேனீ இருந்தது, விடிந்து பார்த்தால் பெட்டி வெறுமை." நேற்று வரை இருந்தது உண்மைதான். ஆனால் அவை திடீரென்று போய்விடவில்லை.

நாம் பெட்டியில் வைத்திருப்பது மரப்பொந்தில் கூடு கட்டும் நாட்டுத் தேனீ. இடம் ஒவ்வாவிட்டால் குடும்பத்தோடு கிளம்புவது அதன் இயல்பு. உணவு குறையும்போது இராணி முதலில் முட்டையிடுவதை நிறுத்தும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் ஆகும். இருக்கும் குஞ்சுகள் வெளிவந்ததும், மிச்சத் தேனைக் குடித்துவிட்டுக் கூட்டம் புறப்படும். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளுக்குள் விழும்படி வதையை, அதாவது மெழுகு அடையை, தூக்கிப் பிடியுங்கள். அறையின் அடியில் வெள்ளை நூல்துண்டு போல முட்டை நிற்கிறதா? இராணி இருந்தும் முட்டை இல்லை, காலில் மகரந்தத்தோடு வருகின்ற தேனீயும் குறைந்துவிட்டது என்றால் உடனே கவனியுங்கள்.

நாம் செய்யும் பெரிய தவறு, தேனை ஒட்ட வழித்தெடுப்பது. மேல்தட்டில் உள்ளதை எடுக்கலாம். கீழ்த்தட்டில் உள்ளது அவற்றின் சோறு. பூ இல்லாத காலத்தில் அதையும் பிழிந்தெடுத்தால் எதற்காக அவை அங்கே இருக்க வேண்டும்? அப்போது சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, மாலையில், சிந்தாமல் வையுங்கள்.

நிழலும் தண்ணீரும் அதே அளவுக்கு முக்கியம். குளம் வற்றும் நாட்களில் பெட்டி வெட்டவெளியில் கிடந்தால் உள்ளே மெழுகே இளகும். மரநிழலுக்கு மாற்றி, அருகே ஒரு சட்டியில் தண்ணீரும் நாலைந்து கூழாங்கற்களும் போட்டு வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும்.

எறும்பு ஏறினால் 20 நாள் கணக்கு செல்லாது. குஞ்சையும் விட்டுவிட்டுத் தேனீ ஓடிவிடும். பெட்டிக் கால்களைத் தண்ணீர் நிறைந்த பேணிகளில் நிறுத்துங்கள். தண்ணீர் வற்றவிடாதீர்கள், புல் முட்டவும் விடாதீர்கள். ஆசைக்காகத் தினமும் பெட்டியைத் திறப்பதும் அவற்றைத் துரத்துவதற்குச் சமம்.

பெட்டி வாசலில் செத்த தேனீ குவிந்திருந்தால் அது ஓட்டமல்ல, நஞ்சு. எள்ளுக்கும் பயற்றுக்கும் மருந்தடிப்பவர்கள் பூ நேரத்தில் அடிக்காமல், தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடடைந்த பிறகு அடித்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

2006இல் அமெரிக்காவில் பேசப்பட்ட தேனீ மறைவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இராணியும் குஞ்சும் தேனும் கூட்டிலேயே இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் காணாமற்போயின. இங்கே இராணியும் சேர்ந்தே போகிறது.

வெறும் வதைகளை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்துப்பூச்சி வலை பின்னிவிடும். சுரண்டி உருக்குங்கள். அடுத்த கூட்டத்தைக் குடியேற்றும்போது, வேறொரு நல்ல பெட்டியிலிருந்து தேனீப் புழுக்கள் உள்ள வதை ஒன்றை உள்ளே வையுங்கள். பசித்த புழுவை விட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது.