பூட்டி முடித்த பழைய காரில் கியர் விழவில்லையா?

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற அம்பாசிடரையோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ பிரித்துப் பூட்டியபின் கியர் விழ மறுத்தால், புது கிளட்ச் பிளேட் வாங்க ஓடுவதற்கு முன், பூட்டிய விதத்தைச் சந்தேகிப்பது நல்லது. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் ரிவர்ஸ் கறகறவென்று அடித்தால், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். கியர் பாக்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பெடலைக் கவனிக்க வேண்டும். ஆயிலால் இயங்கும் கிளட்ச்சில், பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால்தான் கியர் விழுகிறது என்றால், பெரும்பாலும் குழாயில் காற்று தங்கியிருக்கும். அதை வெளியேற்றினாலே போதும்.

பெடலில் குறையில்லையென்றால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். கிளட்ச் பிளேட்டைத் திருப்பி வைத்துப் பூட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பிளேட்டின் நடுக்குடம் ஒரு பக்கம் அதிகமாகத் துருத்தியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பக்கம் கியர் பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும். காட்பாடியில் என் வீட்டு வாசலில் ஒரு வண்டியைப் பூட்டியபோது, இருட்டுவதற்குள் முடிக்கும் அவசரத்தில் இதைத் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் இறக்கிப் பார்த்தபோது, ஃபிளைவீல் (எஞ்சின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) போல்ட்டுகளின் தலைகளில் குடம் உரசிய தடம் வெள்ளிபோல் பளபளத்தது. பிளேட்டில் தவறேதும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

திரும்பப் பூட்டும்போது, பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றையோ, லேத் பட்டறையில் அதே அளவுக்குக் கடைந்து வாங்கிய மரக்கம்பையோ பிளேட்டுக்குள் செருகி அதை மையத்தில் நிறுத்தி, அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஒரு கணம்கூட பிளேட்டுக்குள் நுழையும் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது, ஏனெனில் பிளேட் வளைந்துவிட்டால் பிறகு எந்தச் சரிசெய்தலும் உதவாது. பிளேட்டின் உராயும் பரப்பான பழைய லைனிங்கில், மூச்சோடு உள்ளே போனால் கெடுதி செய்யும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு, கிளட்ச் வழுக்குவது: எஞ்சின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. பெடலில் வெற்று அசைவே (கிளட்ச் விடுபடத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இல்லாதபடி இறுக்கிவிட்டாலும், பூட்டும்போது கிரீஸ் பட்ட விரல் லைனிங்கைத் தொட்டிருந்தாலும் இப்படி ஆகும். சமதளத்தில் இது தெரியாமல் போகலாம். ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவதைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.