ஆல்டிஹைடா, கீட்டோனா: வெள்ளி ஆடிச் சோதனை செய்யும் முறை

2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் சேர்த்ததும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வீழ்படிவு தோன்றினால், சேர்மத்தில் கார்பனைல் தொகுதி (ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டிலும் உள்ள C=O பகுதி) இருப்பது மட்டுமே தெரியும். அது ஆல்டிஹைடா, கீட்டோனா என்று பிரித்தறிய வெள்ளி ஆடிச் சோதனை எனப்படும் டாலன்ஸ் சோதனையையே முதலில் செய்யுங்கள்.

சோதனைக்குழாயை மிகத் தூய்மையாகக் கழுவுங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதளவு இருந்தாலும் வெள்ளி பளபளப்பாகப் படியாமல் கருந்தூளாகவே நின்றுவிடும். 5% சில்வர் நைட்ரேட் கரைசல் 2 மில்லிலிட்டர் எடுத்து, ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். அது கரையும் வரை மட்டும் நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். இதுவே டாலன்ஸ் கரைசல். அம்மோனியா மிகுந்தால் சோதனையின் கூர்மை குறையும் என்பதால் இவ்விடத்தில் பொறுமை மிகவும் தேவை. பிறகு சோதிக்கும் சேர்மத்தின் சில துளிகளை இதில் சேர்த்து, குழாயை ஆட்டாமல் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் வையுங்கள். ஆல்டிஹைடான அசிட்டால்டிஹைடு உட்சுவரில் முகம் தெரியுமளவு வெள்ளியைப் படியச் செய்யும். கீட்டோனான அசிட்டோனில் மாற்றம் இராது.

செம்பு அயனி கொண்ட பெலிங் கரைசலில் அசிட்டால்டிஹைடு செங்கல் நிற வீழ்படிவைத் தரும். ஆனால் பென்சால்டிஹைடு ஆல்டிஹைடாக இருந்தும் தராது. ஆகவே பெலிங் சோதனையை மட்டும் நம்பி ஒரு சேர்மத்தைக் கீட்டோன் என்று எழுதிவிடாதீர்கள். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் கீட்டோனாக இருந்தும் இரு சோதனைகளுக்கும் விடையளிக்கும். காரக்கரைசலில் அது ஆல்டிஹைடு வடிவத்துக்கு மாறுவதே காரணம்.

டாலன்ஸ் கரைசலைச் சேமித்து வைக்கவே கூடாது. நாள்பட்டால் வெடிக்கும் சில்வர் சேர்மங்கள் அதில் உருவாகலாம். சோதனை முடிந்தவுடன் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, அதற்குரிய கழிவுக் கலத்தில் ஊற்றிவிடுங்கள்.