போடுவதெல்லாம் ‘புட்’ அல்ல

தமிழில் ‘போடு’ படுகிற பாடு கொஞ்சமல்ல. காபி போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், பூனைகூட குட்டி போடுகிறது. ஆங்கிலத்திலும் சின்ன வினைச்சொற்களுக்குத்தான் வேலை அதிகம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு, ‘செட்’ என்ற ஒற்றை வினைக்கே 430 பொருள் சொல்கிறது. ‘புட்’டும் அதே ஜாதிதான். ஆனால் அதன் வேலைகள் வேறு, நம் ‘போடு’வின் வேலைகள் வேறு. சிக்கல் அங்கேதான்.

‘ஐ புட் லீவ் யெஸ்டர்டே’ என்ற வாக்கியத்தை நான் திருத்தாத வாரமே கிடையாது. லீவு போட்டால் ‘டுக் லீவ்’. எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்வதானால் ‘அப்ளைட் ஃபார் லீவ்’. டாக்டர் ஊசி போட்டால் ‘கேவ் மீ அன் இன்ஜெக்‌ஷன்’. காபி போட ‘மேக்’ போதும். கையெழுத்து கொஞ்சம் வினோதம்: ‘புட் யுவர் சிக்னேச்சர் ஹியர்’ சரி, ‘புட் சைன்’ தப்பு.

சட்டைக்கு வருவோம். ‘புட் ஆன்’ என்பது உடுத்துகிற அந்த ஒரு நிமிடம் மட்டும். உடுத்தியபின் அது ‘வேர்’. திருவிழாக் கூட்டத்தில் பையன் தொலைந்துவிட்டான் என்று வையுங்கள். மைக்கில் ‘ஹி இஸ் புட்டிங் ஆன் எ ரெட் ஷர்ட்’ என்று அறிவித்தால், எங்கோ நின்று பட்டன் மாட்டிக்கொண்டிருக்கும் பையனைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ‘வேரிங்’ என்று சொல்ல வேண்டும். எடை விஷயத்தில் மட்டும் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன: ‘என்ன, வெயிட் போட்டுட்டே?’ என்று யாராவது கேட்டால் ‘புட் ஆன் வெயிட்’ என்றே சொல்லலாம், மனசு இருந்தால்.

ஃபேனைப் போட ‘புட் த ஃபேன் ஆன்’ சரிதான்; அந்த ‘ஆன்’னை விழுங்கிவிடக் கூடாது. அணைப்பதற்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சொல்லிப் பழகுவது நல்லது, ஏனென்றால் ‘புட் ஆஃப்’ பெரும்பாலும் தள்ளிப்போடுவதைக் குறிக்கும். தீயை ‘புட் ஆஃப்’ செய்தார்கள் என்று எழுதினால், நாளைக்கு எரியட்டும் என்று ஒத்திவைத்த மாதிரி இருக்கும். தீயணைப்பு வீரர்கள் செய்வது ‘புட் அவுட்’. இன்னொன்று: ‘இட்’ வந்தால் நடுவில் நுழையும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘புட் அப் வித் இட்’ என்பதில் மட்டும் கடைசியில் நிற்கும்; பொறுத்துக்கொள்வது என்று பொருள், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகக்காரர்களுக்கு ‘புட் அப்’ தனிச் சொத்து. ‘ஃபைலை புட் அப் பண்ணுங்க’ என்றால் மேலதிகாரி பார்வைக்கு வைப்பது. இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘சப்மிட்’ என்று மாற்றிவிடுங்கள்.

இதிலெல்லாம் தப்பு நடந்தால் சிரிப்போடு போகும். நாய் விஷயம் அப்படியல்ல. குழந்தையை ‘புட் டு ஸ்லீப்’ செய்தால் தூங்க வைத்தாயிற்று. நாயைச் செய்தால், மருத்துவர் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்துவிட்டார் என்று பொருள். ‘புட் டவுன்’னுக்கும் அதே கதி.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் மீட்டிங்குக்குக் கால் மணி நேரம் தாமதம். ‘சாரி, ஐ புட் மை டாக் டு ஸ்லீப் அண்ட் கேம்’ என்று வெளிநாட்டு மேலாளருக்குத் தட்டிவிட்டார். பதிலுக்கு நாலு வரியில் உருக்கமான இரங்கல், கூடவே இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி அன்புக் கட்டளை. அவர் விளக்கம் சொல்ல மைக்கை ஆன் செய்த நேரம், தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது.