அந்தப் பெட்டியை வெறுமையாக விடாதேங்கோ

கனடா மத்திய அரசில வேலை தேடுற புது ஆக்களுக்கு இதை எழுதுறன். கணக்குத் திறக்கிறது, சிவி ஏத்துறது எல்லாம் ஜிசி ஜொப்ஸ் தளத்தில ஒரு பின்னேர வேலை. சிற்றிசன் இல்லையே எண்டு பின்னடிக்க வேண்டாம். 2021இல சட்டம் திருத்தின பிறகு பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) ஆக்களுக்கும் குடிமக்களுக்குள்ள அதே முன்னுரிமைதான்.

நான் சறுக்கினது வேற இடத்தில. 'நீங்கள் விசிபிள் மைனோறிற்றியா?', அதாவது பூர்வகுடிகள் தவிர்ந்த வெள்ளையரல்லாத ஆளா, எண்டு விண்ணப்பத்தில ஒரு பெட்டி வரும். பதில் சொல்லக் கட்டாயமில்லை. இரண்டு வருசமாக அதை நான் வெறுமையாகவே விட்டன்.

ஐயா யாழ்ப்பாணக் கச்சேரியில, அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில, கிளாக். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கின தனிச்சிங்களச் சட்டம் வந்த பிறகு, சிங்களச் சோதனை பாஸ்பண்ணேல்லை எண்டு அவற்ற சம்பள உயர்வை நிப்பாட்டினவை. நான் வளர்ந்த காலத்தில ஆமியின்ர சோதனைச் சாவடியில அடையாள அட்டையை நீட்டினால், ஆமிக்காரன் முதல்ல பேரைப் பார்ப்பான், பிறகு முகத்தை. அப்பிடி வந்தவனுக்கு அரசாங்கப் படிவத்தில இனத்தை எழுதக் கை வராது.

ஒருநாள் எனக்குத் 'தகுதியில்லை' எண்டு ஒரு வரி மின்னஞ்சல். என்னோட பிரெஞ்சு வகுப்பில இருந்த பிலிப்பைன்ஸ் பெடியனுக்கு அதே வேலைக்கு அழைப்பு. அவன் விளம்பரத்தைத் திறந்து விரலால காட்டினான்: 'யார் விண்ணப்பிக்கலாம்' எண்ட இடத்தில, விசிபிள் மைனோறிற்றி போன்ற சமத்துவக் குழுக்களைச் சேர்ந்தவைக்கு மட்டும் எண்டு போட்டிருந்தது. அப்பிடி மட்டுப்படுத்தச் சட்டத்தில இடமிருக்கு. பெட்டியை வெறுமையாக விட்டவன் அந்தக் குழுவில இல்லை எண்டுதான் கணக்கு. அண்டிரவு நித்திரையே வரேல்லை.

தமிழ்நாட்டிலயிருந்து வாற ஆக்கள் இதை 69 சதவீத இடஒதுக்கீடு மாதிரி நினைக்கினம். அது வேற, இது வேற. 1986இல வந்து 1995இல புதுசா எழுதின வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில கோட்டா திணிக்கேலாது. பெண்கள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், விசிபிள் மைனோறிற்றி எண்டு நாலு பகுதியை அது சொல்லுது. எந்தப் பகுதி எங்க குறைவெண்டு திணைக்களம் எண்ணிப் பார்த்து, அங்க இருக்கிற தடையை எடுக்கவேணும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் நாங்கள் புள்ளடி போடாட்டி அந்த எண்ணிக்கையில நாங்கள் இல்லை.

'திறமையில போக ஏலாதவைக்குத்தான் அது' எண்டார் என்ர மச்சான். எனக்குக் கெட்ட கோவம் வந்தது. சோதனையிலயும் நேர்முகத்திலயும் கேட்ட தகுதியைக் காட்டாமல் ஒருத்தரும் உள்ள போறேல்லை. எங்க, எப்ப, என்ன செய்தனீங்கள் எண்டு ஒவ்வொரு தகுதிக்கும் உதாரணத்தோட எழுதுங்கோ. 'சிவியில இருக்கு' எண்டு எழுதினால் அதோட கழிச்சுப்போடுவினம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொரு படிவம் தருவினம். முதல் போட்ட புள்ளடி ஆள் எடுக்கிறதுக்கு, இது திணைக்களத்தின்ர கணக்குக்கு. முதல் புள்ளடி இந்தப் படிவத்துக்குத் தானாக வந்து சேரும் எண்டு இருந்துவிடாதேங்கோ. முதல் கிழமையே நிரப்பிக் குடுத்துவிடுங்கோ.