சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

முதலில் வான்வழித் தொலைவைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மீது வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் தொலைவை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பிறகு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைச் சொடுக்கினால், ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர் என்று காட்டும். இது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம். தட்டையான வரைபடத்தின் மீது அளவுகோலை வைத்து அளப்பது, தொலைதூர நகரங்களுக்கு அறவே உதவாது. விமானத் துறையில் தொலைவைக் கடல் மைலில் குறிப்பிடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், இத்தொலைவு ஏறத்தாழ 1,580 கடல் மைல் ஆகும்.

அடுத்தது வேகம். பெரிய பயணிகள் விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 850 என்று வைத்துக்கொண்டால் 2,920 கிலோமீட்டருக்கு 3 மணி 26 நிமிடம் ஆகும். ஆனால் மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தரையிறங்கும் வரிசைக்காகச் சற்றுச் சுற்றிவரவும் நேரிடும். அதற்கு அரை மணி நேரத்தையும், வாயிலிலிருந்து ஓடுபாதைக்கும் ஓடுபாதையிலிருந்து வாயிலுக்கும் ஊர்ந்து செல்ல 20 நிமிடத்தையும் சேர்த்தால், மொத்தம் ஏறத்தாழ நாலேகால் மணி நேரம். பயணச்சீட்டில் அச்சாகும் பயண நேரம் வாயிலிலிருந்து வாயில் வரைக்குமானது. விமானி அறிவிக்கும் நேரமோ பெரும்பாலும் வானில் இருக்கும் நேரம் மட்டுமே என்பதால், இரண்டும் பொருந்தவில்லையே என்று குழம்பத் தேவையில்லை.

காற்றும் வான்வெளித் தடைகளும் இக்கணக்கை மாற்றக்கூடியவை. வட அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் செல்வதைவிடத் திரும்பி வருவதற்கு வழக்கமாகக் கூடுதல் நேரம் ஆகிறது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. நகரங்கள் நகரவில்லை, பாதைதான் மாறியது. ஆகவே தொலைவை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

பலரும் தடுமாறுவது கடிகாரக் கணக்கில்தான். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் நேரத்திலேயே இருக்கும். சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00 மணிக்குச் சேரும் என்றிருந்தால், வித்தியாசமான 6 மணி 45 நிமிடத்திலிருந்து இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். உண்மையான பயணம் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும்: சிங்கப்பூரில் இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.40க்குச் சென்னை வந்தால், பயணம் ஒன்றே முக்கால் மணிகூட இல்லை என்று எண்ணிவிடாமல் 4 மணி 10 நிமிடம் என்று கொள்ள வேண்டும்.

நள்ளிரவு விமானங்களுக்குத் தேதியையும் தவறாமல் பார்க்க வேண்டும். 15ஆம் தேதி 00.30 மணிக்குப் புறப்பாடு என்றால், 14ஆம் தேதி இரவு 9.30 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். 15ஆம் தேதி மாலையில் பெட்டி கட்டத் தொடங்குபவருக்கு அந்த விமானம் கிடைக்காது.