பின்தொடையில் வலியா? உடனே குனிந்து இழுக்காதீர்கள்

பின்தொடை பிடித்துக்கொண்டதும் பலரும் குனிந்து கால் விரலைத் தொடப் பார்ப்பார்கள். வலி எந்த இடத்தில் என்று பார்க்காமல் இதைச் செய்வதுதான் பெரிய தவறு.

பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் ஒரே தசை அல்ல. வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உள்பக்கம் செமிடென்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். உட்காரும்போது இருக்கையில் அழுந்துகிற இடுப்பெலும்பின் முனையில் மூன்றும் தொடங்குகின்றன. பைசெப்ஸுக்கு மட்டும் நீளத் தலை, குட்டைத் தலை என்று தொடங்கும் கிளைகள் இரண்டு; குட்டைத் தலை மட்டும் தொடையெலும்பிலிருந்து வருகிறது. முழங்காலை மடக்கிப் பின்புறம் தொட்டுப் பாருங்கள். இரு ஓரமும் கயிறு போல விறைத்து நிற்பவை, இவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களே.

வலி பிட்டத்தின் அடியில், அந்த எலும்பு முனையிலேயே இருந்து, உட்கார்ந்தால் கூடுகிறதா? அப்படியானால் தசைநாண் நைந்திருக்க வாய்ப்பு அதிகம். குனியக் குனிய அது எலும்பின் மேல் அழுந்தும். நீட்டிப்புப் பயிற்சி புண்ணைக் கிளறுவது போலாகிவிடும். சில வாரங்களுக்கு ஆழமாகக் குனிவதை விட்டுவிடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி அசையாமல் நிறுத்துங்கள். 4 அல்லது 5 முறை போதும். தசைநாண் மெதுவாகத்தான் தேறும், 3 மாதத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமை அவசியம்.

முழங்காலை மடக்கும் எந்திரத்தில் மட்டும் பயிற்சி செய்வதும் போதாது. இந்தத் தசைகள் தொடையைப் பின்னுக்கு இழுக்கவும் செய்கின்றன. வேகமாக ஓடும்போது முன்னே வீசிய காலுக்கு, பாதம் தரை தொடுவதற்குச் சற்று முன் பிரேக் போடுபவையும் இவையே. நீண்டுகொண்டே இறுகும் அந்தக் கணத்தில்தான் கிழிசல் வரும், பெரும்பாலும் பைசெப்ஸின் நீளத் தலையில். ஆகவே நீளும்போது சுமை தாங்கப் பழக்க வேண்டும். மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை 3 முதல் 5 விநாடியில் முன்னே இறக்குங்கள். வாரம் 2 நாள், 5 முறை வீதம் 2 சுற்றில் தொடங்கலாம். வலி இருக்கும்போது வேண்டாம்.

நடக்க வலியில்லை என்றதும் முழு வேகத்தில் ஓடிவிடாதீர்கள். மறுபடி கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். மெல்லோட்டம், பாதி வேகம், முக்கால் வேகம் என்று ஏறுங்கள்.

‘டப்’பென்ற உணர்வு, பெரிய ரத்தக்கட்டு, காலை ஊன்ற முடியாமை மூன்றும் சேர்ந்தால் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். வாரங்கள் கடந்தால் நாண் சுருங்கி, மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை கடினமாகிவிடும்.