எத்தனையா, எவ்வளவா?

யாங்கோனில் சாயங்கால நேரம் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிற தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் சிங்கப்பூர் வேலைக்கு இன்டர்வியூ கொடுக்கப் போகிறவர்கள். மற்றவர்கள் பேயின்னவுங் மொத்தச் சந்தையில் பருப்பு வியாபாரிகளிடம் கணக்கெழுதிக்கொண்டு, வெளிநாட்டுக்கு மெயிலும் அடிக்கிறவர்கள். இரண்டு கூட்டமும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: மெனி, மச், ஃபியூ, லிட்டில். பர்மியத்தில் ஆளுக்கும் அரிசிக்கும் ‘அம்யாஜீ’ ஒன்றே போதும். நம் பேச்சுத் தமிழில் ‘நிறைய’வும் அப்படித்தான்.

ஆனால் கேள்வி கேட்கும்போது தமிழ் பிரித்துவிடும்: எத்தனை மூட்டை, எவ்வளவு அரிசி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எத்தனை’ என்று வாயில் வந்தால் மெனி, ஃபியூ, செவரல், எ நம்பர் ஆஃப். பெயர்ச்சொல் பன்மையில் இருக்க வேண்டும். ‘எவ்வளவு’ என்று வந்தால் மச், லிட்டில், எ கிரேட் டீல் ஆஃப், பன்மை கிடையாது. சம், எனி, எனஃப், எ லாட் ஆஃப், ப்ளென்டி ஆஃப் இரண்டு பக்கமும் போகும். பேச்சில் சந்தேகம் வந்தால் எ லாட் ஆஃப் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

இந்தக் குறுக்கு வழி பெரும்பாலும் கைகொடுக்கும். கைவிடுகிற இடம் இது: லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், ஹோம்வொர்க். எத்தனை பெட்டி, எத்தனை செய்தி என்று தமிழில் தாராளமாகக் கேட்போம். இங்கிலீஷ்காரருக்கு இவையெல்லாம் தண்ணீர் மாதிரி, எண்ணக் கூடாதவை. மெனி லக்கேஜஸ், அட்வைசஸ், எக்விப்மென்ட்ஸ் எல்லாமே தப்பு. நியூஸில் எஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் த நியூஸ் இஸ் குட் என்றுதான் வரும். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, மனப்பாடம்தான்.

எண்ணியே ஆக வேண்டும் என்றால் நமக்குப் பர்மியம் உதவும். அதில் எண்ணுவதற்கு ஓர் அளவுச் சொல் வேண்டும். டீக்கடையில் ‘லபெயே தக்வெ’ (டீ ஒரு கோப்பை) என்று கோப்பையையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? அதே பழக்கத்தில் டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ், எ பீஸ் ஆஃப் அட்வைஸ் என்று சொல்லுங்கள். பன்மை பீசில் ஏறும், லக்கேஜில் ஏறாது.

சந்தை மெயில் ஒன்றைப் பார்ப்போம். ‘ஹவ் மெனி ரைஸ் யூ நீட்?’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ரைஸ் எண்ண முடியாதது. ஹவ் மச் ரைஸ் டு யூ நீட், அல்லது ஹவ் மெனி பேக்ஸ் ஆஃப் ரைஸ். அடுத்த வரியில் ‘மச் பீன்ஸ்’. அரிசி மணியும் பயறு மணியும் நமக்கு ஒன்றுதான். இங்கிலீஷில் பீன்ஸ் பன்மை, மெனி பக்கம். ஆனாலும் உளுந்து வாங்குகிறவரிடம் மெனி பீன்ஸ் என்றால் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பது போல இருக்கும். எ லார்ஜ் குவான்டிட்டி ஆஃப் பீன்ஸ் என்று எழுதச் சொன்னேன். குவான்டிட்டி இரண்டு பக்கமும் பொருந்தும். அமவுன்ட் எண்ண முடியாததற்கும் நம்பர் எண்ணக்கூடியதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில், பணத்தைச் சொல்ல ‘மெனி மணி’ வேறு! மியான்மர் நாணயமான கியாட்டை எண்ணலாம், மணி என்கிற இங்கிலீஷ் சொல்லை எண்ண முடியாது.

சில சொற்கள் அர்த்தத்தைப் பொறுத்துப் பக்கம் மாறும். தட்டில் இருக்கிற சிக்கன் மச். கொல்லையில் மேய்கிற சிக்கன்ஸ் மெனி. பேப்பர் என்பது வெறும் தாளானால் மச், நாளிதழானால் மெனி. காபி மச்தான், ஆனாலும் கடையில் டூ காபீஸ், ப்ளீஸ் என்றால் இரண்டு கோப்பை வந்துவிடும். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எக்ஸ்பீரியன்ஸைக் கவனியுங்கள். வேலை அனுபவம் என்றால் பன்மை கூடாது. எக்ஸ்பீரியன்சஸ் என்றால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள்.

அதே இன்டர்வியூவில் வேலையையே கெடுக்கக்கூடியது ‘எ’ என்கிற ஒற்றை எழுத்து. ஐ ஹேவ் எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் என்றால் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த ‘எ’யை விழுங்கிவிட்டு ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் என்றால் ஏறக்குறைய அனுபவமே இல்லை என்று அர்த்தம். ஃபியூவும் அப்படியே: ஐ நோ எ ஃபியூ பீப்பிள் என்றால் சிலரைத் தெரியும், ஐ நோ ஃபியூ பீப்பிள் என்றால் எனக்கு யாரையும் அவ்வளவாகத் தெரியாது. தமிழிலும் பர்மியத்திலும் இந்த ‘எ’வுக்கு வேலை இல்லாததால் நாக்கு அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. நிறுத்திச் சொல்லிப் பழகுங்கள். க்வைட் எ ஃபியூ இன்னும் வேடிக்கை: கொஞ்சம் என்று தோன்றும், அர்த்தமோ நிறைய.

மற்றவை சுருக்கமாக. மச் கேள்வியிலும் மறுப்பிலும் நன்றாக இருக்கும்; ஐ ஹேவ் மச் வொர்க் என்றால் காதில் இடிக்கும், எ லாட் ஆஃப் வொர்க் சொல்லுங்கள். டூ மச், சோ மச் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை. குறைவைச் சொல்ல ஃபியூவர் பேக்ஸ், லெஸ் ரைஸ். ஆனால் பணம், தூரம், நேரம் மூன்றையும் எண்ணோடு சொல்லும்போது லெஸ் தேன் ஃபைவ் தவுசண்ட் கியாட்ஸ் சரி. மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் என்று ஒன்று கிடையாது: பொதுவாக என்றால் மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ், குறிப்பிட்ட கூட்டம் என்றால் மோஸ்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ். எவ்ரிக்குப் பிறகு பொதுவாக ஒருமை, எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ். ஒவ்வொரு மாணவனும் என்று நாமும் ஒருமையில்தானே சொல்கிறோம், அதனால் இதில் யாரும் திணறி நான் பார்த்ததில்லை.